இரலையும் விட்டிலும்

அரியதைப் போற்றுவதும் எளியதைப் புறக்கணிப்பதும் உலக இயற்கை. பொன் அரிது, ஆகவே அது பெட்டிக்குள் இருக்கிறது. மண் எளிது, ஆகவே அது காலின்கீழ்க் கிடக்கிறது. ஆயினும் பொன் இல்லாமல் வாழ்ந்த குலங்கள் உண்டு. மண் இல்லாமல் வாழ்ந்த குலம் ஒன்றேனும் உண்டா? 'உள்ளூர் மாடு விலை போகாது' என்னும் பழமொழி மாட்டுச் சந்தைக்கு மட்டும் உரியதன்று. மனிதன் பிற உயிர்களுக்குக் கொடுக்கும் மதிப்பிற்கும் அது பொருந்தும்.

தென்கிழக்காசியாவில் வாழும் இரண்டு உயிர்களை அருகருகே நிறுத்திப் பார்த்தால் இது நன்கு விளங்கும். ஒன்று, வியட்நாமுக்கும் லாவோசுக்கும் இடையே எல்லைச் சுவர்போல் நிற்கும் அன்னமைட் மலைத்தொடரில் மறைந்து வாழும் சாவோலா என்னும் இரலை. மற்றொன்று, மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இரவு விளக்கருகே வந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும் பெரிய அந்துப்பூச்சி. முன்னதை அதன் காட்டில் நேருக்கு நேர் கண்ட உயிரியல் அறிஞர் ஒருவரும் இலர். பின்னதை ஒருமுறையேனும் காணாத குடும்பம் இங்கே அரிது. ஆனால், முன்னதன் பெயர் உலகெங்கும் பேசப்படுகிறது. பின்னதன் பெயரை அது ஒட்டியிருக்கும் வீட்டாரே அறியார்.

சாவோலா உலகிற்கு அறிமுகமான வரலாறே வியப்புக்குரியது. 1992ஆம் ஆண்டு மே மாதத்தில், வியட்நாமின் வனத்துறை அமைச்சைச் சேர்ந்த ஆய்வாளர்களும் உலக வனவிலங்கு நிதியத்தினரும் வூ குவாங் என்னும் காட்டுப் பகுதியில் உயிரினக் கணக்கெடுப்பு நடத்தினர். அங்குள்ள வேடர்களின் வீடுகளில் அவர்கள் அதுவரை எந்த நூலிலும் காணாத கொம்புகளைக் கண்டனர். ஏறக்குறைய நேராக, ஒன்றையொன்று ஒட்டிச் செல்வனபோல் பின்னோக்கி நீண்ட இணைக்கொம்புகள் அவை. மறு ஆண்டு, 1993இல், அவ்விலங்கிற்கு அறிவியற்பெயர் சூட்டப்பெற்றது. இத்துணைப் பெரிய பாலூட்டி ஒன்று புதிதாக அறியப்படுவது ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக நிகழாத நிகழ்ச்சி என்று அறிஞர் உலகம் ஆரவாரித்தது.

தோள்வரை ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைந்த உயரம். நூறு கிலோகிராம் அளவுக்கு எடை. கருமை கலந்த பழுப்பு உடல். முகத்தில் தீட்டி வைத்தாற்போன்ற வெள்ளைக் கோடுகள். ஆணுக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு, அரை மீட்டர் வரை வளரும் கொம்புகள். தோற்றத்தால் இதனை இரலை என்றே எவரும் சொல்வர். அரபுநாட்டுப் பாலைவன இரலையை இதன் கொம்புகள் நினைவூட்டியதால், 'பொய் இரலை' என்று பொருள்படும்படியே இதன் அறிவியற்பெயரும் அமைந்தது. ஆனால், மரபணு ஆய்வு இதனை மாட்டின் உறவினர் வரிசையில் வைக்கிறது. இரலையின் உருவும் மாட்டின் உறவும் கொண்டு, தன் இனத்தில் தான் ஒன்றே என்று தனித்து நிற்கும் விலங்கு இது.

'கண்டுபிடிக்கப்பட்டது' என்னும் சொல்லைச் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். ஆய்வாளர்கள் வருவதற்கு எத்தனையோ தலைமுறைகளுக்கு முன்பே அந்த மலைமக்கள் இவ்விலங்கை அறிந்திருந்தனர். சாவோலா என்பதே அவர்கள் இட்ட பெயர். நூல் நூற்கும் இராட்டினத்தைத் தாங்கும் இரண்டு தூண்களைக் குறிக்கும் சொல் அது. வீட்டுத் திண்ணையில் நாள்தோறும் பார்த்துப் பழகிய பொருளைக் கொண்டு, காட்டில் கண்ட கொம்புக்குப் பெயர் வைத்திருக்கின்றனர். லாவோஸ் நாட்டு மலைமக்கள் இதனைப் 'பணிவுள்ள விலங்கு' என்றும் அழைத்தனர். ஓசையின்றி, அவசரமின்றி, காட்டில் நடந்து செல்லும் அதன் இயல்பு அப்பெயரைப் பெற்றுத் தந்தது. ஓர் உயிரின் நடையைக் கவனித்து அதற்கு நற்குணப் பெயர் சூட்டிய மக்களிடம் அறிவு இல்லை என்று யார் சொல்ல முடியும்? அவர்களுக்கு அது உள்ளூர் மாடு. உலகிற்கு அது அதிசயம். அரியது, எளியது என்னும் பிரிவு விலங்கின் உடம்பில் எழுதப்பட்டிருப்பதில்லை. பார்ப்பவர் நிற்கும் இடத்தைப் பொறுத்தே அது அமைகிறது.

இனி அந்துப்பூச்சியைப் பார்ப்போம். தமிழில் விட்டில் என்றும் இதனை வழங்குவர். லிஸ்ஸா சம்பா என்பது அதன் அறிவியற்பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அது பெயர் பெற்றுவிட்டது. அவ்வகையில் சாவோலாவுக்கு நூறு ஆண்டு மூத்தது. இறக்கையை விரித்தால் ஒரு சாணுக்குக் குறைந்த அகலம். காய்ந்த தேக்கிலையின் பழுப்பு நிறம். அதன் குறுக்கே இரு இறக்கைகளையும் இணைத்துச் செல்லும் வெண்பட்டை. பின் இறக்கையின் முனையில் சிறு வால்கள். அது கடிப்பதில்லை, கொட்டுவதில்லை, துணியை அரிப்பதுமில்லை. சுவரில் தட்டையாக ஒட்டிக்கொண்டு பகலெல்லாம் அசையாமல் இருக்கும். பள்ளிக்குச் செல்லும் சிறுவன் அதனைத் துடைப்பக்குச்சியால் தொட்டுப் பார்ப்பான், பாட்டி தடுப்பாள். பெரிய அந்துப்பூச்சி வீட்டிற்குள் வந்தால் இறந்துபோன முன்னோரின் ஆவி வந்திருக்கிறது என்னும் நம்பிக்கை சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பலரிடம் உண்டு. அந்த நம்பிக்கை எத்தனையோ பூச்சிகளைத் துடைப்பத்தின் அடியிலிருந்து காப்பாற்றியிருக்கிறது.

ஆண்டுதோறும் மே முதல் ஆகஸ்டு வரையிலான மாதங்களில் இப்பூச்சி மிகுதியாகத் தோன்றுவது வழக்கம். 2014ஆம் ஆண்டிலோ அது பெருங்கூட்டமாகத் தோன்றியது. சிங்கப்பூரின் அடுக்குமாடி வீடுகளின் நடைபாதைகளிலும், பேருந்து நிறுத்தங்களிலும், கடைவாசல்களிலும் மக்கள் அதனைக் கண்டு வியந்தனர். சிலர் அஞ்சவும் செய்தனர். நாளிதழ்கள் படம் போட்டன. அவ்வாண்டின் தொடக்கத்தில் நேர்ந்த நீண்ட வறட்சிக்கும் இப்பெருக்கத்திற்கும் தொடர்பு இருக்கலாம் என்று அறிஞர்கள் கருதினர். சில வாரங்களில் பூச்சிகள் குறைந்தன, பேச்சும் ஓய்ந்தது. கூட்டமாக வந்தபோது 'ஏன் இத்தனை?' என்று கேட்டவர்கள், அது வராத நாள்களில் 'எங்கே போயிற்று?' என்று கேட்கவில்லை. எளிய உயிரின் விதி இதுதான். அது மிகுந்தால் தொல்லை என்பர். குறைந்தால் எவரும் கவனிப்பதில்லை.

இவ்விரண்டு உயிர்களின் வாழ்க்கை முறையும் நேர்மாறானது. சாவோலாவுக்கு மழையும் பனியும் குறையாத, மனித நடமாட்டம் அற்ற, என்றும் பசுமை மாறாத அடர்காடு வேண்டும். ஒரு பேற்றில் ஒரு கன்றையே அது ஈனும். பிடித்து வைத்தாலோ அது வாழ்வதில்லை. 1996இல் லாவோஸ் நாட்டில் பிடிபட்ட பெண் சாவோலா ஒன்று, மனிதர் கையிலிருந்து உணவு வாங்கித் தின்னும் அளவுக்குச் சாந்தமாக இருந்தும், சில வாரங்களுக்குள் இறந்தது. அதன் வயிற்றில் கன்று இருந்தது. 2010இல் அதே நாட்டில் கிராமத்தார் பிடித்த மற்றொன்றும் சில நாள்களில் மாண்டது. இன்று உலகின் எந்த உயிரியல் பூங்காவிலும் ஒரு சாவோலாகூட இல்லை.

அந்துப்பூச்சிக்கு அத்தகைய அடர்காடு தேவையில்லை. அதன் புழு தின்று வளர்வது மலாய்மொழியில் செசெண்டுக் என்று அழைக்கப்படும் மரவகையின் இலையை. அம்மரம் காட்டில் வெட்ட வெளி ஏற்பட்டால் விரைந்து முளைத்து வளரும் இயல்புடையது. வெட்டப்பட்டு மீண்டும் தழைக்கும் காட்டிலும் அது உண்டு. ஆகவே, மனிதன் காட்டைக் கலைத்த இடத்திலும் இப்பூச்சிக்கு ஓரளவு வாழ்விடம் கிடைக்கிறது. ஒன்று மனிதனின் காலடி பட்டால் அழிகிறது. மற்றொன்று அந்தக் காலடித் தடத்திலேயே முளைக்கும் மரத்தில் பிழைக்கிறது. அரியதும் எளியதுமாக இவற்றை ஆக்கியது பெரும்பாலும் இந்த வேறுபாடுதான்.

ஆனால், இரண்டும் மடியும் முறையில் ஓர் ஒற்றுமை இருக்கிறது. சிந்திக்க வேண்டியது அதனையே.

சாவோலாவைக் கொல்வது கண்ணி. மிதிவண்டி, மோட்டார் சைக்கிள்களின் தடைக்கம்பியை வளைத்துச் செய்யப்படும் எளிய சுருக்கு அது. வேடர்கள் மலைச்சரிவின் குறுக்கே தழையாலும் கொம்பாலும் தாழ்ந்த வேலி ஒன்றை நெடுந்தொலைவுக்குக் கட்டுவர். வேலியில் ஆங்காங்கே வழி விட்டு, ஒவ்வொரு வழியிலும் ஒரு கண்ணியை வைப்பர். அவர்கள் எதிர்பார்ப்பது காட்டுப்பன்றியையும் கேளையாட்டையும் கடமானையும். நகரத்து உணவகங்களில் விலைபோகும் இறைச்சியை. சாவோலாவை அவர்கள் தேடவில்லை. சீன மருத்துவ நூல்களில் அதன் கொம்புக்கோ எலும்புக்கோ இடமில்லை. ஏனெனில் அந்நூல்களை எழுதியவர்கள் அவ்விலங்கை அறிந்திருக்கவே இல்லை. காண்டாமிருகத்தைப் போல விலை வைத்து வேட்டையாடப்படும் துன்பம் அதற்கு இல்லை. ஆயினும் கண்ணி ஆள் பார்த்து இறுகுவதில்லை. பன்றிக்கு வைத்த சுருக்கில் பணிவுள்ள விலங்கின் கால் சிக்குகிறது. அதை வைத்தவன் பல நாள் கழித்து வந்து பார்க்கும்போது, தான் வேண்டாத ஒன்று அங்கே கிடப்பதைக் காண்கிறான்.

இக்கண்ணிகளின் தொகை மலைக்க வைப்பது. வியட்நாம், லாவோஸ், கம்போடியா ஆகிய மூன்று நாடுகளின் பாதுகாக்கப்பட்ட காடுகளில் மட்டும் ஒரு கோடியே இருபது இலட்சத்திற்கும் மேற்பட்ட கண்ணிகள் இருக்கலாம் என்று 2020இல் உலக வனவிலங்கு நிதியம் வெளியிட்ட அறிக்கை மதிப்பிட்டது. சாவோலாவுக்கென்றே வியட்நாமின் ஹுவே, குவாங் நாம் பகுதிகளில் அமைக்கப்பட்ட இரு காப்பகங்களில், உள்ளூர் மக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட காவலர்கள் 2011 முதல் பத்தாண்டுக்குள் ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட கண்ணிகளைக் களைந்தனர். களைந்த இடத்திலேயே மீண்டும் வைக்கப்பட்டவையும் உண்டு. ஒரு கண்ணியின் விலை சில காசு. அதனைத் தேடிக் களைய ஒரு மனிதன் ஒரு நாள் மலையேற வேண்டும்.

அந்துப்பூச்சியைக் கொல்வது விளக்கு. விளக்கில் விழுந்து மாயும் விட்டிலைத் தமிழ்ப் புலவர்கள் நெடுங்காலமாக உவமையாக ஆண்டு வந்திருக்கின்றனர். ஒளியின்மீது கொண்ட ஆசையால் அறிவிழந்து அழிவது என்று அதற்குப் பொருள் கூறினர். ஐம்புலன்களுக்கு அடிமையாகிக் கெடும் மனிதனுக்கு அதனை எடுத்துக்காட்டாக நிறுத்தினர். பாவம், அப்பூச்சி! அதன்மேல் சுமத்தப்பட்ட பழி உண்மையன்று என்று இப்போது தெரிகிறது. 2024இல் வெளிவந்த ஓர் ஆய்வு, விரைந்து படம் பிடிக்கும் கருவிகளைக் கொண்டு, விளக்கருகே பறக்கும் பூச்சிகளின் அசைவை நுணுகி நோக்கியது. பல பூச்சிகள் ஒளியை நோக்கிப் பாய்வதில்லை. தம் முதுகை ஒளியின் பக்கம் திருப்புகின்றன என்பது அதன் முடிபு. இரவில் நிலத்தைக் காட்டிலும் வானமே சற்று ஒளியுடையது. ஒளி இருக்கும் பக்கத்தை மேல் என்று கொண்டு முதுகை அப்பக்கம் வைத்தால், நேராகப் பறக்கலாம். பூச்சியின் உடலில் பதிந்துவிட்ட வழிகாட்டி அது. மனிதன் வீட்டு வாசலில் ஒரு சிறு வானத்தை ஏற்றி வைத்தபோது அந்த வழிகாட்டி பிழைத்தது. பூச்சி விளக்கைச் சுற்றிச் சுற்றி வருவது காதலால் அன்று; மேல் எது, கீழ் எது என்று தெரியாத திகைப்பினால்.

கண்ணி வைத்தவனுக்குச் சாவோலாவின்மீது பகை இல்லை. விளக்கு ஏற்றியவனுக்கு விட்டிலின்மீது பகை இல்லை. ஒருவன் தன் வயிற்றுக்காக ஒன்றைச் செய்தான். மற்றொருவன் தன் வசதிக்காக ஒன்றைச் செய்தான். அவர்கள் எண்ணத்தில் இல்லாத உயிர் மாண்டது. பகையால் வரும் அழிவுக்கு ஒரு முடிவு உண்டு. பகை தணிந்தால் அழிவும் நிற்கும். பகையே இல்லாமல் வரும் அழிவுக்கு யாரிடம் சென்று சமாதானம் பேசுவது? கொடியவர்கள் செய்த கேட்டைவிட, கவனியாதவர்கள் செய்த கேடு பெரிது என்பதற்கு இவ்விரண்டு உயிர்களும் சான்று.

'எளிய உயிர்க்கு என்ன குறை? அது எண்ணிக்கையில் பிழைத்துக் கொள்ளும்' என்று சிலர் கூறலாம். எண்ணிக்கை ஓர் அரண் என்பது உண்மையானால், வட அமெரிக்காவின் பயணப்புறா இன்றும் பறந்து கொண்டிருக்க வேண்டும். கோடிக்கணக்கில் பறந்து வெயிலை மறைத்த பறவை அது. அதன் கடைசிப் பறவை 1914ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் சின்சின்னாட்டி உயிரியல் பூங்காவில் ஒரு கூண்டில் இறந்தது. அதே கண்டத்தின் ராக்கி மலை வெட்டுக்கிளி 1870களில் வயல்களை மொட்டையடித்த பெரும்படை. 1902க்குப் பிறகு அதனை உயிருடன் கண்டவர் இலர். அது முட்டையிட்ட மலைப்பள்ளத்தாக்குகளை உழவர்கள் ஏர் கொண்டு உழுததே காரணமாகலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். உழுதவன் அங்கேயும் வெட்டுக்கிளியை அழிக்கப் புறப்படவில்லை. கோதுமை விதைக்கவே புறப்பட்டான். எளியது அரியதாவதற்கு ஒரு மனிதனின் வாழ்நாள் போதும். அந்துப்பூச்சியின் நிலை இன்று அத்தகையதன்று; ஆயினும் அதன் பெருக்கம் ஒரு மரவகையின் இலையில் தொங்குகிறது. செசெண்டுக் எடையற்ற மென்மரம். தீக்குச்சி செய்யவும் பெட்டி செய்யவும் பயன்படுவது. அம்மரம் போனால் பூச்சியும் போகும். அதற்கும் வேறு புகல் இல்லை.

இதற்கு என்ன செய்வது என்று கேட்போர்க்கு விடை உண்டு. சாவோலாவை மனிதன் தேடிச் சென்று அணைத்துக் காக்க முடியாது என்பதை அது பலமுறை தன் உயிரைக் கொடுத்துக் காட்டிவிட்டது. அதற்கு முதலில் வேண்டியது, கண்ணி இல்லாத காடு. கண்ணியைக் களைபவனுக்குக் கூலியும், வைப்பவனுக்கு வேறு பிழைப்பும் கிடைக்க வேண்டும். காட்டு இறைச்சியைப் பெருமையாகக் கருதித் தட்டில் வாங்கும் நகரத்தார் திருந்தாமல், மலையில் இருக்கும் ஏழையை மட்டும் குற்றவாளியாக நிறுத்துவது நீதியாகாது. கம்பியை வளைத்தவன் அவன். அதனை இறுக்குகிறவர்கள் உணவகத்தில் அமர்ந்திருக்கிறார்கள்.

விட்டிலுக்கு வேண்டியது இதைவிட எளிது. தேவையற்ற விளக்கை அணைத்தல்; வேண்டிய விளக்குக்கு மூடி போட்டு ஒளியைத் தரைநோக்கித் திருப்புதல்; இரவை ஓரளவேனும் இரவாக இருக்க விடுதல். இரண்டு உயிர்களுக்கும் மனிதன் செய்யத்தக்க பெரிய உதவி, நீட்டிய கையைச் சற்று மடக்கிக் கொள்வதே.

சாவோலாவின் படம் கடைசியாகக் கிடைத்தது 2013ஆம் ஆண்டு செப்டம்பரில். குவாங் நாம் காட்டில் மறைத்து வைக்கப்பட்டிருந்த தானியங்கிப் படக்கருவியின் முன்னால் அது நடந்து சென்றது. அதற்குப் பின் உறுதியான தடயம் எதுவும் கருவியில் பதியவில்லை. எஞ்சியவை நூற்றுக்கும் குறைவாக இருக்கலாம் என்று அறிஞர்கள் அஞ்சுகின்றனர். எனினும் அவர்கள் நம்பிக்கையைக் கைவிடவில்லை. வேடர் வீடுகளில் கிடைத்த எலும்புகளையும் தோல்களையும் கொண்டு 2025இல் வெளியான மரபணு ஆய்வு, இவ்வினம் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இரு கிளைகளாகப் பிரிந்துவிட்டதைக் கண்டது. ஒரு கிளை இழந்த மரபுக்கூறு மற்றதில் எஞ்சியிருக்கிறது. இரண்டையும் சேர்த்து வளர்க்க முடிந்தால் இனம் தழைக்க வழி உண்டு என்று அது கூறுகிறது. ஆனால், அவ்வாறு சேர்ப்பதற்கு முதலில் உயிருள்ள சாவோலாக்கள் சில கிடைக்க வேண்டும். வேடன் வீட்டுச் சுவரில் தொங்கிய கொம்பு உலகிற்கு அதன் வரவை அறிவித்தது. அத்தகைய வீடுகளில் கிடந்த எலும்பே இன்று அதன் எதிர்காலத்திற்குக் கணக்குச் சொல்கிறது. உயிருள்ள உடலை வைத்துச் சொல்ல வேண்டியதையெல்லாம் இறந்த உடலை வைத்துச் சொல்லும் நிலை வந்துவிட்டது.

மனிதனின் கவனம் அரியதைத் தேடிச் செல்கிறது. அதனால்தான் அது எப்போதும் காலம் கடந்து போய்ச் சேர்கிறது. மலைமக்கள் பணிவுள்ள விலங்கு என்று அழைத்து, காட்டில் அடிக்கடி கண்டு வந்த நாளில் உலகம் அதனை அறியவில்லை. உலகம் அறிந்த நாளில் அது காட்டில் அருகிவிட்டது. இந்த இடைவெளியில்தான் ஓர் இனத்தின் வாழ்வும் சாவும் அடங்கியிருக்கின்றன. சுவரில் ஒட்டியிருக்கும் பழுப்புநிறப் பூச்சிக்கு அந்த இடைவெளி இன்னும் தொடங்கவில்லை. அதன் பெயரைக் கேட்பதற்கும், அது தின்னும் இலை எந்த மரத்தினது என்று அறிவதற்கும், வாசல் விளக்கை ஒரு நாழிகை முன்னதாக அணைப்பதற்கும் இன்று காலம் இருக்கிறது. அரியதைக் காப்பது கடமை. எளியதை எளியதாகவே இருக்க விடுவது அதனினும் பெரிய அறம்.